பிரசவ வார்டுக்குப் புதிய பொறுப்புச் செவிலியர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பென்னாகரம்):
எங்கள் பிரசவ வார்டுக்குப் புதிதாக ஒரு தங்கை பொறுப்பேற்கிறார். கைராசிக்காரர், நல்ல பொறுமை. ஆனால் லக்‌ஷ்யா (பிரசவ அறைத் தரத்துக்கான அரசுத் திட்டம்) மதிப்பீடு என்றதும் பதிவேட்டை நிரப்புவதுதான் தரம் என்று நினைக்கிறார். எப்படிப் பழக்குவது?

பதில் (அரூர்):
அக்கா, ஒரே ஒரு வேலையை எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த 1 நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் போட வேண்டும். ரத்தப்போக்கைத் தடுக்க அதுதான் முதல் காவல். கேஸ் ஷீட்டில் 'போடப்பட்டது' என்றிருந்தால் போதாது, நேரம் வேண்டும். தாமதம் தெரிந்தால் யாரையும் திட்டாமல், மருந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். பக்கத்து அறை ஃபிரிட்ஜில் இருந்தால் ஓடி எடுத்து வருவதற்குள் நிமிடம் போய்விடும். பிரசவம் நெருங்கும்போதே சிரிஞ்சில் ஏற்றித் தட்டில் வைக்கும் முறையை ஒரு ஷிப்டில் மட்டும் செய்து பார்த்து, குறை இருந்தால் திருத்தி, பிறகு மற்ற ஷிப்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.

பதில் (கிருஷ்ணகிரி):
அரூர் சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் அந்தத் தங்கைக்கு நேரம் ஒதுக்கினீர்களா? முழு டூட்டியும் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதச் சொல்வது அநியாயம். இரவு டூட்டிக்காரர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் பேச்சில் சேருங்கள். தட்டில் என்ன குறைகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வாரம் ஒரு மதியம் அவரை வார்டு வேலையிலிருந்து விடுவிக்கக் கண்காணிப்பாளரிடம் நாளையே கேட்கிறேன்.