பேன் அண்ட் ஸ்கேனுக்கு ‘நகர்வெட்டு’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் சினிமாக் கலைச்சொல் பட்டியலில் ஹோம் வீடியோவுக்கு ‘வீட்டுப் பதிப்பு’ என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். நாடா, டிவிடி, புளூரே எதுவானாலும் பொருந்துகிறது. அதை முடிவாகவே எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் பேன் அண்ட் ஸ்கேனில்தான், அதாவது அகலமான சினிமாப் படத்தைப் பழைய டிவி நிறையும்படி ஷாட்டுக்கு ஷாட் பக்கவாட்டில் வெட்டும் முறைக்கான சொல்லில்தான். இதுவரை வந்த பரிந்துரைகள்: முழுத்திரை முறை, வருடி நகர்த்தல், ஓரவெட்டு. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

ரென்னி ஹார்லின் இயக்கி, சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து 1993-இல் வந்த ‘கிளிஃப்ஹேங்கர்’. கதை நடப்பது கொலராடோவின் ராக்கி மலையில்; மலைக்காட்சிகளில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது இத்தாலியின் டோலமைட் மலைகளில். அனமார்ஃபிக் முறையில் எடுத்த படம். அதாவது, கேமரா லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி 35 மி.மீ. பிலிமில் பதிக்கும், தியேட்டர் லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். உயரம் 1 என்றால் அகலம் 2.39. பழைய டிவிக்கோ அகலம் 1.33தான். வேறு சில படங்களில் தியேட்டருக்காக மறைத்த மேல், கீழ்ப் பகுதி பிலிமில் மிச்சம் இருக்கும்; டிவிக்கு அதைத் திறந்துவிடலாம். இங்கே அந்த மிச்சமும் கிடையாது. டிவி நிறையப் படம் வேண்டுமென்றால் 44 விழுக்காட்டை வெட்டியே ஆக வேண்டும்.

அந்தப் படத்தின் தொடக்கக் காட்சியை நினைத்துப்பாருங்கள். இரண்டு பாறை முகடுகளுக்கு நடுவே ஒரு கம்பி. அதில் தொங்கிக்கொண்டு ஒரு பெண்ணை மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். நடுவழியில் பிடிப்பு விட்டுப்போகிறது. அந்தரத்தில் அவள், அவளை எட்டிப் பிடிக்கப் போகும் ஆள், அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள். பயம் முழுவதும் இவர்களுக்கு இடையில் இருக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. கம்பியின் ஒரு முனை சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே போய்விட்டால் அந்தத் தூரம் கண்ணுக்கே தெரியாது. இதே படத்தில் சாகசக் கலைஞர் சைமன் கிரேன் 15,000 அடி உயரத்தில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய சாகசமும் அப்படித்தான். அந்த ஒரு காட்சிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இரண்டு விமானமும் ஒருசேரத் தெரிந்தால்தானே அதற்கு மதிப்பு!

சரி, வெட்டுவது யார்? பிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர், ஒவ்வொரு ஷாட்டிலும் எந்தப் பகுதியை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறார். இடப்பக்கம் பேச்சு முடிந்து வலப்பக்கம் தொடங்கினால் சட்டத்தை அப்படியே நகர்த்துகிறார், இல்லையென்றால் ஒரே ஷாட்டை இரண்டாக உடைத்துத் தாவுகிறார். ஒளிப்பதிவாளர் கேமராவை அசைக்கவே இல்லை. வீட்டில் பார்ப்பவருக்கோ கேமரா அசைகிறது. இந்த முறையின் உயிரே அந்த நகர்வுதான்.

அதனால்தான் ‘ஓரவெட்டு’ போதாது என்கிறேன். நிலையாக இரு பக்கமும் கத்தரித்துவிடும் முறைக்கு அது நல்ல சொல், அதற்கே வைத்துக்கொள்வோம். ‘வருடி’ ஸ்கேனருக்கு என்று ஊன்றிவிட்டது. வருடல் என்றால் தாளை நகலெடுப்பதுதான் நினைவுக்கு வரும். ‘முழுத்திரை’ எனக்கு அறவே வேண்டாம். நிறைவது டிவி, குறைவது படம். ஆங்கிலத்தில் உறைமேல் அச்சிட்ட ஃபுல் ஸ்கிரீன் என்ற விற்பனைப் பெயர் எத்தனையோ பேரை இதுதான் முழுப்படம் என்று நம்பவைத்தது. அதைத் தமிழிலும் கொண்டுவர நாம் துணைபோக வேண்டாம்.

என் பரிந்துரை ‘நகர்வெட்டு’. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. நகரும் வெட்டு, நகர்ந்த வெட்டு, இரண்டையும் சொல்லும். நகரத்தோடு குழம்பும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தனிச்சொல்லாகப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “பழைய நாடாவில் இந்தப் படம் நகர்வெட்டாக வந்தது”, “நகர்வெட்டில் நாயகன் பாதிதான் தெரிகிறான்”. குழப்பம் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. 1973-இல் தொடங்கிய நம் தமிழ் சினிமாஸ்கோப் படங்களின் டிவி பிரதிகளைப் பற்றி எழுதவும் இந்தச் சொல் கைகொடுக்கும்.

அப்புறம் லெட்டர்பாக்ஸ். ‘அஞ்சல்பெட்டி வடிவம்’ வேண்டாம். நம் ஊர்ச் சிவப்புப் பெட்டியை நினைத்தால் ஒன்றும் விளங்காது. ‘பட்டைப் பதிப்பு’ என்கிறேன். மேலும் கீழும் கரும்பட்டை, நடுவில் முழுப்படம். அதே கணக்குப்படி இங்கே டிவியில் 44 விழுக்காடு கறுப்பாகிவிடும். படத்தை இழப்பதற்குத் திரையை இழப்பது எவ்வளவோ மேல். ‘கிளிஃப்ஹேங்கர்’ படத்துக்கு 2019-இல் வந்த 4கே வட்டை இன்றைய அகல டிவியில் போட்டாலும் மெல்லிய பட்டை இருக்கும், ஆகவே சொல் காலாவதியாகாது.

சென்னை லேப்களில் டெலிசினியில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருந்தால், அங்கே இதற்கு என்ன பேச்சுச்சொல் புழங்கியது என்று தயவுசெய்து எழுதுங்கள். அது நன்றாக இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்