ஃபர்பிடன் சிட்டியில் மரக்கட்டுமானம்: எங்கே நின்று எதைப் பார்ப்பது?

தூலம்:
பெய்ஜிங்கில் இரண்டே நாள். ஓவியமும் பீங்கானும் அப்புறம்தான். சீன மரக்கட்டடம் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபர்பிடன் சிட்டியான அரண்மனை அருங்காட்சியகம் மட்டும் போதுமா? நல்ல பொருளெல்லாம் தைபேக்குப் போய்விட்டது, இங்கே இருப்பது வெறும் கூடுதான் என்கிறார்களே?

பெட்டிக்கணக்கு:
பாதி உண்மை. ஜப்பானியப் படை நெருங்கியதால் 1933-ல் அரண்மனையிலிருந்து 13,000-க்கும் அதிகமான பெட்டிகள் தெற்கே போயின. 1948-49-ல் தைவானுக்குக் கப்பலேறியவை 2,972. கால்பங்குகூட இல்லை, ஆனால் பொறுக்கி எடுத்த சரக்கு. பழைய சீன ஓவியர் ஃபான் குவானின் மலை ஓவியம் வேண்டுமென்றால் தைபேதான். பெய்ஜிங்கில் இன்றும் 18 லட்சத்துக்கு மேல் பொருள்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது கட்டடம் என்றால் பேச்சே இல்லை; தைபேயில் இருப்பது 1965-ல் திறந்த, அரண்மனை வேஷம் போட்ட புதுக்கட்டடம்.

பெய்ஜிங் அரண்மனைக்கு டிக்கெட் ஏழு நாள் முன்பு பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறக்கும், நமக்கு மாலை 5.30. பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் வாசலில் சிக்கல். திங்கள் விடுமுறை. தெற்கு வாசலில்தான் நுழைய முடியும்; வடக்கே வெளியேறிவிட்டால் திரும்ப விடமாட்டார்கள். வடகிழக்கில் உள்ள பொக்கிஷக் கூடத்துக்குத் தனிச் சீட்டு, அதையும் சேர்த்தே எடுங்கள்.

போதிகை:
அரண்மனை மட்டும் போதாது. அரண்மனையின் முதன்மை மண்டபமான தாய்ஹெயின் உள்ளே விடுவதில்லை, கதவோரம் நின்று எட்டித்தான் பார்க்கலாம். இன்றுள்ள மண்டபம் 1695-97-ல் எழுப்பியது. தூண் தலைக்கும் கூரைக்கும் நடுவே அடுக்கடுக்காகத் தெரிவது தோகோங்: சதுரக் கட்டை, அதன்மேல் குறுக்குக் கை, மறுபடி கட்டை. ஆணிக்கு வேலையில்லை, துளையில் முளை இறங்கிப் பிடிக்கும். தூணும் மண்ணில் புதைந்ததல்ல, கல் பீடத்தின் மேல் சும்மா நிற்கிறது. நிலம் அதிர்ந்தால் இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து அதிர்வை விழுங்கும்.

ஆனால் அரண்மனையில் காண்பது கடைசி அரச வம்சமான சிங் காலத்துச் சுருங்கிய வடிவம். சிறியது, நெருக்கமானது, பெரும்பாலும் அலங்காரம். கி.பி. 857-ல் கட்டிய ஃபோகுவாங் கோயிலில் தோகோங்கின் உயரம் தூணில் கிட்டத்தட்ட பாதி. அங்கே சாய்ந்த நீள்கட்டை நெம்புகோலாக வேலை செய்கிறது: வெளிமுனையில் இறவாரம், உள்முனையில் கூரைப் பாரம். சிங் காலத்தில் வெளியே நீட்டிய மூக்கு மட்டும்தான் மிச்சம். ஃபோகுவாங் இருப்பது ஷான்ஷி மாகாணத்தில், இரண்டு நாளில் நடக்காது. அதனால் இரண்டாம் நாள் ஷியான்னோங் பலிபீட வளாகத்தில் உள்ள பழங்காலக் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிரித்துக் காட்டிய மாதிரிகள் அங்கேதான். லோங்ஃபு கோயிலிலிருந்து வந்த மரவிதானமும் உண்டு; உச்சியில் நட்சத்திர வரைபடம், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று: கூரை முனையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மிருகங்களை எண்ணுங்கள். தாய்ஹெயில் 10, அதன் பின்னால் உள்ள பாவோஹெ மண்டபத்தில் 9, இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ஜோங்ஹெ மண்டபத்தில் 7. மண்டபத்தின் அந்தஸ்து அதுதான்.

தூலம்:
நன்றி. படங்களில் தூண் பெயின்ட் உரிந்த இடத்தில் துணி மாதிரி ஏதோ தெரிகிறதே?

செங்கல்பொடி:
துணி இல்லை, சணல் நார். தூணுக்கு நேராகப் பெயின்ட் அடிப்பதில்லை. முதலில் வாய்ச்சியால் மரத்தைக் கொத்துவார்கள், பூச்சு பிடிக்க. பெரிய வெடிப்பில் மரச்சீவல் அடைப்பார்கள். அப்புறம் ‘ஒரு நார், ஐந்து சாந்து’: செங்கல் பொடி, பன்றி ரத்தம், சுண்ணாம்பு, மாவு, துங் எண்ணெய் (துங் மரத்தின் விதையில் எடுப்பது) கலந்த சாந்து இரண்டு பூச்சு, அதன்மேல் நார், அதை அழுத்தி மூன்றாவது, பிறகு நடுத்தரச் சாந்து, கடைசியில் மெல்லிய சாந்து. தேய்த்த கையோடு காய்ச்சாத துங் எண்ணெய் ஊட்ட வேண்டும். தாமதித்தால் காற்றுப் பட்டு மயிரிழை வெடிப்பு விழும், பிறகு எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. மரம் முழுதாகக் காயாமல் பூசினால் உள்ளே பொக்கை விட்டு ஓடு ஓடாகக் கழன்றுவரும். பெரும்பாலும் தூணின் அடியில்தான் தொடங்கும், ஈரம் ஏறுவது அங்கேதானே. படத்தில் நீங்கள் பார்த்ததும் அடிப்பக்கமாகத்தான் இருக்கும்.