கீழாநெல்லிச் சாற்றில் கல்லீரல் செல்கள் இறந்தன: முடிவுரையில் எதை எழுதலாம்?

மேலூர்_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் முதுநிலை உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். இறுதிப் பருவத் திட்டப்பணிக்காகக் கீழாநெல்லிப் பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடித்து, மெத்தனாலை நீக்கிக் கிடைத்த சாற்றை ஹெப்ஜி2 என்னும் கல்லீரல் புற்றுச் செல்களில் எம்.டி.டி. என்னும் சாய முறைப்படி சோதித்தேன். மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் செறிவில், 24 மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதிச் செல்கள் இறந்திருந்தன. செல் வளர்ப்புத் தட்டில் சாறு சேர்க்காத குழிகளில் செல்கள் நன்றாக இருந்தன. "கீழாநெல்லி கல்லீரல் புற்றுநோய்க்கும் மஞ்சள் காமாலைக்கும் மருந்தாகும் என்பது உறுதியாகிறது" என்று முடிவுரை எழுதும்படி உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். பழைய திட்ட அறிக்கைகளிலும் அவ்வாறுதான் இருக்கிறது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதனோடு வீட்டுக் கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது. மேலூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கண் மஞ்சளித்திருக்கிறது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்துக்கொண்டு, உப்பில்லாப் பத்தியம் இருக்கிறார். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. "நீதான் சோதித்துப் பார்த்துவிட்டாயே, இதுவே போதும்தானே?" என்று சித்தி கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

செல்வளர்ப்பாளர்:

தங்கைக்கு வணக்கம். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மனம் ஒப்பாததற்குச் சரியான காரணம் இருக்கிறது.

காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பவர்கள், அது கல்லீரலைக் காக்கும் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்கள். உங்கள் தட்டிலோ கல்லீரலிலிருந்து வந்த செல்கள் செத்திருக்கின்றன. அந்த ஒரே முடிவைக் கொண்டு புற்றுச் செல்லைக் கொல்கிறது என்றும் கல்லீரலைக் காக்கிறது என்றும் இரண்டையும் எழுத முடியாது. காக்கும் தன்மையை அறிய விரும்பினால், செல்களுக்கு முதலில் ஒரு நச்சுப்பொருளால் சேதம் உண்டாக்கி, சாறு சேர்த்த குழிகளில் அந்தச் சேதம் குறைகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்கும் ஹெப்ஜி2 அவ்வளவு பொருத்தமான செல் அன்று. இயல்பான கல்லீரல் செல்லில் மருந்துகளை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் நிறைய இருக்கும். ஹெப்ஜி2 செல்லில் அவை மிகக் குறைவு. பாராசிட்டமால் போன்ற மருந்து அந்த நொதிகளால் உடைக்கப்பட்ட பிறகே நஞ்சாக மாறுகிறது என்பதால், இந்தச் செல்லில் அதன் தீங்கும் சரியாகத் தெரியாது, அத்தீங்கைத் தடுப்பதும் சரியாகத் தெரியாது.

அந்தச் செல் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். 1970களில் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது அது. குழந்தைகளுக்கு வரும் ஹெப்படோபிளாஸ்டோமா என்ற கட்டியின் வகையைச் சேர்ந்தது என்று பின்னர் வகைப்படுத்தினார்கள். நம் ஊரில் பெரியவர்களுக்கு மதுப்பழக்கத்தாலும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸாலும் வரும் கல்லீரல் புற்று வேறு வகை. மேலும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்கு என்.டி.சி.பி. என்ற புரதம் வாயிலாக இருக்கிறது என்பது 2012இல் தெரியவந்தது. ஹெப்ஜி2 செல்லில் அந்தப் புரதம் போதிய அளவு இல்லை. சாதாரண ஹெப்ஜி2 செல்லை அந்த வைரஸ் தொற்றவே தொற்றாது. ஆகவே வைரஸ் காமாலையைப் பற்றி உங்கள் சோதனையிலிருந்து எதுவும் சொல்ல இயலாது.

அடுத்தது செறிவு. மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்பது கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் ஒரு மனிதரின் உடல்நீர் ஏறத்தாழ 40 லிட்டர். அதில் அதே செறிவு வர வேண்டுமானால் 8 கிராம் காய்ந்த சாறு, குடலில் தங்காமல், கல்லீரலில் உடையாமல், சிறுநீரில் வெளியேறாமல், முழுவதும் ஒரே நேரத்தில் கலந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. கச்சாச் சாறு ஒன்றைப் புற்றுச் செல்லுக்கு எதிராகக் கவனிக்கத்தக்கது என்று கருத, பாதிச் செல்களைக் கொல்லும் செறிவு மில்லிலிட்டருக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. உங்கள் எண் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

எம்.டி.டி. முறையிலேயே ஒரு சிக்கல் உண்டு. உயிருள்ள செல்லின் நொதிகள் அந்த மஞ்சள் சாயத்தை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகின்றன. நாம் 570 நானோமீட்டரில் அந்த நிறத்தைத்தான் அளக்கிறோம், உயிரை நேரடியாக அளப்பதில்லை. கீழாநெல்லியில் டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் மிகுதி. இத்தகைய பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத குழியிலும் சாயத்தை ஊதாவாக்கிவிடக்கூடும். எனவே செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் சேர்த்த குழிகள் உங்கள் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். சாற்றைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானைப் பயன்படுத்தியிருந்தால், அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் சேர்த்த குழிகளும் வேண்டும். "சாறு சேர்க்காத குழி" என்று நீங்கள் எழுதியிருப்பது எது என்பது தெளிவாக இல்லை. இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலச் சாயம் இட்டு நுண்ணோக்கியில் செல்களை எண்ணிப் பார்ப்பது செலவில்லாத மறுசோதனை. ஒரே நாளில் ஒரே தட்டில் மூன்று குழிகள் வைத்தால் அதை மூன்று சோதனைகள் என்று கணக்கிடாதீர்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு முறை பிரித்து வளர்த்த செல்களில் திரும்பச் செய்ய வேண்டும். புற்றில்லாத செல் ஒன்றையும், டாக்சோரூபிசின் போன்ற அறிந்த புற்றுமருந்து ஒன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் இந்தச் சாறு புற்றுச் செல்லை மட்டும் கொல்கிறதா, எதிர்ப்பட்ட செல்லையெல்லாம் கொல்கிறதா என்பது புலப்படும்.

மதுரை_மருத்துவர்:

முதலில் சித்தப்பாவைப் பற்றி. மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி. அதன் காரணங்கள் பல. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் குணமானதன் பெருமை அதற்கே போய்ச் சேரும். கீழாநெல்லியின் புகழில் ஒரு பகுதி இப்படி வந்தது என்பது என் கருத்து. ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், மதுவால் கல்லீரல் கெட்டாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும், கணையத்தில் கட்டி வந்தாலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும். அவற்றில் காத்திருப்பது ஆபத்து.

மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின், கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள், இரத்தம் உறையும் திறனைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம், வைரஸ் இருப்பதைக் காட்டும் ஹெப்படைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென், வயிற்று ஸ்கேன் ஆகியவை தேவைப்படும். மேலூர் அரசு மருத்துவமனையிலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ காட்டலாம். தூக்கக் கலக்கம், குழறிய பேச்சு, ஓயாத வாந்தி, ஈறிலோ மலத்திலோ இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். மது அறவே கூடாது. காய்ச்சலுக்கு அவராகவே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளவும் கூடாது. உப்பைக் குறைப்பது வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத் தேவைப்படும். மற்றவர்களுக்கு அந்தப் பத்தியத்தால் பயன் இல்லை, சாப்பாடு இறங்காமல் போவதுதான் மிச்சம். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்குக் கண் மஞ்சளித்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் இ கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது.

ஆய்வின் வரலாற்றையும் மாணவி அறிந்திருக்க வேண்டும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைட்டிஸ் பி கண்டுபிடிப்புக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தவில்லை. மனிதரிடமே சோதித்து இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்றே மறுமுறை நிலைக்கவில்லை என்றால், ஒரு தட்டில் பெற்ற முடிவை நோயாளிக்கு எடுத்துச் செல்ல எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்று நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு டெனோஃபோவிர், என்டிகாவிர் போன்றவையே நிரூபிக்கப்பட்ட மருந்துகள்.

கண்மாய்க்கரை_தாவரவியல்:

உங்கள் பொடி எந்தச் செடியுடையது? வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மேலூர் வயல் வரப்புகளில் கீழாநெல்லி என்று பறிப்பதில் பல இனங்கள் கலந்திருக்கும். பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் கீழாநெல்லிக்குக் காய் வழவழப்பாகவும், விதையின் முதுகில் கோடுகள் நீளவாக்கிலும் இருக்கும். பில்லாந்தஸ் யூரினேரியாவுக்குக் காய் சொரசொரப்பாகவும், விதைக் கோடுகள் குறுக்காகவும் இருக்கும். மேலாநெல்லிக்கு இலை நீண்டு ஆப்பு வடிவில் தெரியும். கடையில் பொடியாக வாங்கினால் இவை எதையும் பார்க்க முடியாது. லிக்னான் வகைச் சேர்மமான பில்லாந்தின் எல்லா இனங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், இனம் மாறினால் சோதனையின் பொருளே மாறிவிடும். பூவும் காயும் உள்ள முழுச் செடியை அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் நாளும் குறித்து, உங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் அடையாளம் உறுதிசெய்து சேமித்து வையுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரகத்தின் உதவியையும் நாடலாம்.

மேலூர்_மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. சித்தப்பாவை இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகத் தம்பி சொல்லிவிட்டான். ஒப்பீட்டுக் குழிகளில் நான் டி.எம்.எஸ்.ஓ. சேர்க்கவில்லை, சோதனையைத் திரும்பச் செய்ய வழிகாட்டி ஆசிரியர் இசைந்திருக்கிறார். வீட்டில் குடிப்பது மெத்தனால் சாறு அன்று என்பதால், நீர்ச் சாற்றையும் சேர்த்துப் பார்க்கலாமா?

செல்வளர்ப்பாளர்:

தாராளமாகப் பார்க்கலாம். நீரில் டானின்கள் அதிகம் இறங்கும். லிக்னான்கள் பெரும்பாலும் மெத்தனாலில்தான் இறங்கும். ஆகவே இரண்டையும் தனித்தனிச் சாறுகளாகவே கொள்ளுங்கள். நீர்ச் சாற்றை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே செல்களில் சேருங்கள். வடிகட்டியில் டானின் ஓரளவு தங்கிவிடும் என்பதால், வடித்த சாற்றின் உலர் எடையைத் திரும்ப அளந்து செறிவைக் கணக்கிடுங்கள். முடிவுரைக்கு இப்போது இப்படி எழுதலாம்: "அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பில்லாந்தஸ் அமாரஸ் செடியின் மெத்தனால் சாறு, குறிப்பிட்ட செறிவில், 24 மணி நேரத்தில் ஹெப்ஜி2 செல்களின் எம்.டி.டி. அளவைக் குறைத்தது, புற்றில்லாத செல்களில் அதன் விளைவு இவ்வாறு இருந்தது." அடையாளம் உறுதியாகும் வரை அந்த வாக்கியத்தில் தாவரப் பெயரை இட வேண்டாம்.