புதுப்பிப்பு: ஈரிதழ் வால்வும் பெருந்தமனிச் சுவரின் நொதிகளும்

மூன்று இதழ் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வில் இரண்டே இருந்தால் மேலேறு பெருந்தமனி (இதயத்திலிருந்து மேலே செல்லும் முதல் பகுதி) ஏன் வீங்குகிறது என்று முன்பு எழுதியபோது, தமனிச் சுவரின் இழைகளை அரிக்கும் நொதிகளான எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஈரிதழ்க்காரர்களின் சுவரில் பல ஆய்வுகளில் கூடுதலாகத் தெரிவது எம்.எம்.பி-2, மற்றதன் அளவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

இவை துத்தநாகம் இல்லாமல் இயங்காத நொதிகள். டிம்ப் எனும் புரதங்கள் இவற்றை அடக்கி வைக்கும். அந்தச் சமநிலை குலைந்தால் சுவரின் நடு அடுக்கில் மீள்தன்மை தரும் எலாஸ்டின் எனும் புரதம் அரிபடும்: நுண்ணோக்கியில், அலையலையாக ஓட வேண்டிய இழைகள் மெலிந்து துண்டு துண்டாகக் கிடக்கும். சேதம் சுற்றிலும் ஒரே சீராக இருக்காது. ஈரிதழ் வால்விலிருந்து சாய்ந்து பீறிடும் இரத்தம் மோதும் வெளிவளைவுப் பக்கமே பெரும்பாலும் மோசம்.

மருந்து உண்டா என்று கேட்டவர்களுக்கு: டாக்சிசைக்ளின் எனும் நுண்ணுயிர்க்கொல்லி இந்த நொதிகளைத் தடுக்கும், ஆனால் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தில் 2020-இல் வெளியான சோதனையில் வளர்ச்சி குறையவில்லை. தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இப்போதைக்கு விட்டம்தான் கணக்கு: பொதுவாக 5.5 செ.மீ.-இல் அறுவை, குடும்பத்தில் தமனிக் கிழிசல் இருந்தால் 5.0, வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறப்பதானால் 4.5-இலேயே யோசிப்பார்கள். சி.டி.யில் தமனியின் அச்சுக்குச் செங்குத்தாக அளந்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சாய்வாக வெட்டிய படம் விட்டத்தைக் கூட்டிக் காட்டும்.