ஐஸ் பெட்டிக்குள் எல்எம்35: வெளி ரெசிஸ்டர் இல்லாமல் பயன்படுத்தலாமா?

ராயபுரம்வாசி:
அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வியாபாரம் செய்யும் என் மாமாவின் ஐஸ் பெட்டிகளுக்காக வெப்பநிலை காட்டும் கருவி ஒன்றைச் செய்து வருகிறேன். ரிச்சி தெருவில் வாங்கிய எல்எம்35டிஇசட் என்ற வெப்பநிலை உணரும் சிப்புக்கு, நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டான ஆர்டுயினோ ஊனோவிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, அதன் வெளியீட்டை வோல்ட்டேஜ் அளக்கும் ஏ0 பின்னில் நேரடியாக இணைத்திருக்கிறேன். சிப் தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் உள்ள ஒரு சுற்றில் வேறு உதிரிபாகமே இல்லை. மற்றொன்றில் வெளியீட்டிலிருந்து நெகட்டிவ் சப்ளைக்கு (0 வோல்ட்டுக்குக் கீழான மின்வழங்கலுக்கு) ஒரு ரெசிஸ்டர் போகிறது. அறையில் சரியாகக் காட்டும் சிப், நொறுக்கிய ஐஸுக்குள் வைத்தால் 2 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. ரெசிஸ்டர் இல்லாததுதான் காரணமா? என்னிடம் நெகட்டிவ் சப்ளை கிடையாது.

சால்டரிங்_தாத்தா:
ஆம் தம்பி, காரணம் அதுதான். எல்எம்35 ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், 0 டிகிரியில் வெளியீடு 0 வோல்ட்டுக்கு வர வேண்டும். ஆனால் இந்தச் சிப்பின் வெளியீட்டுப் பகுதி மின்னோட்டத்தை வெளியே தருமே தவிர, உள்ளிழுக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. அதனால்தான் ரெசிஸ்டர் இல்லாத சுற்றுக்கு 2 முதல் 150 டிகிரி வரை என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். உருகும் ஐஸ் அந்த எல்லைக்குச் சற்றே வெளியே நிற்கிறது.

ரெசிஸ்டரின் மதிப்பு, நெகட்டிவ் சப்ளை வோல்ட்டேஜை 50 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் கிடைக்கும். மைனஸ் 5 வோல்ட் என்றால் 100 கிலோ ஓம். அதே ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போட்டுப் பயனில்லை, ஏனெனில் வெளியீடு 0 வோல்ட்டை நெருங்கும்போது அதன் வழியே ஓட மின்னோட்டமே இராது. நெகட்டிவ் சப்ளை இல்லாதவர்களுக்கும் டேட்டாஷீட்டிலேயே வழி உண்டு: சிப்பின் கிரவுண்ட் பின்னுக்கும் உண்மையான கிரவுண்டுக்கும் இடையே 1என்914 டையோடுகள் இரண்டைத் தொடராக வைத்து, வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 18 கிலோ ஓம் இட வேண்டும். பிறகு வெளியீட்டை ஏ0விலும் சிப்பின் கிரவுண்ட் பின்னை ஏ1லும் படித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். டையோடுகள் சிப்பை ஒரு வோல்ட்டுக்கு மேல் தூக்கிவிடக்கூடும் என்பதால், ஊனோவின் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை (அது அளக்கும் உச்ச வோல்ட்டேஜை நிர்ணயிக்கும் அமைப்பை) இங்கே நம்ப முடியாது. 5 வோல்ட் ரெஃபரன்ஸில் ஊனோ பிரித்தறியும் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய அரை டிகிரி.

எண்ணூர்_எலக்ட்ரான்:
பெரியவர் சொன்ன சுற்று வேலை செய்யும்; ஆனாலும் டிஇசட் வகைக்கு உத்தரவாதம் 0 முதல் 100 டிகிரி வரைதான். நாளை மாமா மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசருக்கும் ஒன்று கேட்டால் என்ன செய்வீர்கள்? என் பரிந்துரை டிஎம்பி36 என்ற வேறொரு வெப்பநிலைச் சிப். அதுவும் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான், ஆனால் 0 டிகிரியிலேயே 500 மில்லிவோல்ட் தருவதால் ரெசிஸ்டரும் வேண்டாம், நெகட்டிவ் சப்ளையும் வேண்டாம். மைனஸ் 18இல் 320 மில்லிவோல்ட் வரும். சப்ளை பின்களுக்கு இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை மட்டும் மறக்காதீர்கள். 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை வைத்தால் 60 டிகிரி வரை, பத்தில் ஒரு டிகிரி அளவுக்குப் படிக்கலாம்.

ராயபுரம்வாசி:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. டிஎம்பி36 வாங்கிவிடுகிறேன். பெட்டியிலிருந்து போர்டு வரை மூன்று மீட்டர் ஒயர் போகும். அதனால் தொல்லை வருமா?

எண்ணூர்_எலக்ட்ரான்:
அந்த நீளத்தை டிஎம்பி36 தாங்கும். ஒயர் நீள நீள அதன் கெபாசிட்டன்ஸ் கூடும்; எல்எம்35க்குத்தான் அது 50 பிகோ ஃபாரடைத் தாண்டினாலே சிக்கல். உங்கள் இடத்தில் பெரிய எதிரி உப்புத் தண்ணீர். பின்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் கசியும் மின்னோட்டமே அளவைக் கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் போட்டு, முழுவதையும் எபாக்ஸியில் மூடிவிடுங்கள். எபாக்ஸி இறுகிய பிறகு, ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து, 0 டிகிரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதை நிரலில் கழித்துக்கொள்ளுங்கள்.