டிரஸ்ட் கடையில் பழைய வீட்டுச் சாமான்: எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் என்ன பார்க்கணும்?

திருநகர்வாசி:
திருநகரில் ஒரு மாடி வீட்டுக்குச் சாமான் சேர்க்கணும். மரக்கட்டில், பீரோ, மிக்சி, டேபிள்டாப் கிரைண்டர் நாலையும் டிரஸ்ட் நடத்துற பழைய சாமான் கடையில் எடுக்கலாம்னு யோசனை. அதே கடைக்கு ஒரு மேஜை, பிரிட்ஜ், ரெண்டு இலவம்பஞ்சு மெத்தை கொடுக்கணும். வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டாங்களாம். கடையிலேயே எப்படிச் சோதிக்கிறது? கொடுத்ததுக்கு ரசீது வாங்கினா வரியில் கழியுமா?

இழைப்புளி:
கட்டிலைக் கவுத்துப் போட்டுப் பாருங்க. மேலே பாலிஷ் எல்லாத்தையும் மறைச்சிரும், அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுறதில்லை. குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தா உளு, அதாவது மரம் துளைக்கிற பூச்சி. ஓட்டை மட்டும் இருந்தா பயமில்லை. கட்டையை ரெண்டு தட்டு தட்டினதும் முகப்பவுடர் மாதிரி தூள் கொட்டினா புழு இன்னும் உள்ளே தின்னுக்கிட்டிருக்கு, வீட்டில் இருக்கிற மத்த மரத்துக்கும் போகும். தேக்குன்னு சொன்னாங்கன்னு ஏமாற வேண்டாம். வைரம் பாஞ்ச பகுதிதான் தாங்கும், வெளிறின ஓரக்கட்டையை உளு தேக்கிலயும் தின்னும். கறையான்னா மண் கோடு காட்டிக்கொடுக்கும். கோட்டைத் துடைச்சு வச்சிருந்தா ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்க, பொள்ளல் சத்தம் கேட்கும்.

கால் ஆடுறது பெரிய விஷயமில்லை, போல்ட் முறுக்கினா சரியாகும். சட்டம் சேருற மூலையில் மரம் விண்டிருந்தா விட்டுருங்க. பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) சாமானுக்கு அடி ஓரம்தான் உயிர். வீடு துடைக்கிற தண்ணி ஏறி உப்பினா மறுபடி அமுங்காது, ஸ்க்ரூவும் நிக்காது.

பீரோவுக்குக் கதவை மூடி, சாவி போட்டு, கைப்பிடியைத் திருகுங்க. மேல் கம்பி, கீழ் கம்பி ரெண்டும் ஏறணும். உள் லாக்கர் சாவியைத் தனியா கேளுங்க. கதவு தொங்குதுன்னு உடனே ஒதுக்காதீங்க, பாதி நேரம் தரைதான் கோணல். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடிச்சு வச்சுப் பார்த்தா தெரிஞ்சிரும். மாடி வீடுன்னு சொல்றீங்க, படித் திருப்பத்தை டேப் வச்சு அளந்துட்டுப் போங்க. ஆறரை அடி பீரோ திருப்பத்தில் மாட்டிக்கிட்டா குட்டியானை வாடகையும் ஏத்துக்கூலியும் ரெண்டு மடங்கு.

ஆர்மேச்சர்:
பிளக் பாயிண்ட் இல்லாத கடையில் மின்சாமான் எடுக்காதீங்க.

மிக்சி: ஜாரில் தண்ணி ஊத்தி பேப்பர் மேல பத்து நிமிஷம் வைங்க. பேப்பர் நனைஞ்சா புஷ், வாஷர் தேய்ஞ்சது. அது சின்ன செலவு. ரப்பர் கப்ளர் பல் மழுங்கியிருந்தாலும் அப்படித்தான். ஓடும்போது கருகின வாடை வந்தா மோட்டாரோட கம்பிச்சுத்து (காயில்) கருகுது, அங்கேயே வச்சுட்டு வந்துருங்க.

கிரைண்டரை வெறுமனே ஓட விடாதீங்க, கொஞ்சம் தண்ணி ஊத்தி ஓட்டுங்க. பெல்ட் வழுக்கினா மாத்திக்கலாம். டிரம் ஆடினா நடுத்தண்டோ பேரிங்கோ போயிருக்கு, அதுக்குச் செலவழிக்கிறது வீண். ஓடும்போது டெஸ்டரை பாடியில் தொட்டுப் பாருங்க. டெஸ்டர் எரிஞ்சா ஒண்ணு எர்த் இல்லை, இல்லாட்டி கரண்ட் கசியுதுன்னு அர்த்தம். மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னா வெட்டி வச்சிருந்தா எர்த் இல்லைங்கிறதில் சந்தேகமே வேண்டாம்.

சேர்ந்தாப்ல குக்கர் எடுத்தா, அடி உப்பியிருக்கான்னு தட்டையான இடத்தில் வச்சுப் பாருங்க. கேஸ்கட், சேஃப்டி வால்வு ரெண்டும் புதுசு போட்டுட்டுத்தான் அடுப்பில் ஏத்தணும். பழைய கேஸ் அடுப்போட வர்ற ரப்பர் டியூபைத் தூக்கிப் போடுங்க.

வைகைத்தென்கரை:
கொடுக்கிற பக்கம் நான் சொல்றேன். முதல்ல வாட்ஸ்அப்பில் போட்டோ, அளவு, எத்தனாவது மாடின்னு அனுப்புங்க. மாடியில் இருந்து இறக்க ரெண்டு ஆள் வேணும், அது யார் செலவுன்னு பேசிக்கோங்க. பிரிட்ஜை முதல் நாளே அணைச்சு, ஐஸ் உருகி, உள்ளே துடைச்சு, கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க. மூடி வச்சா ஒரே நாளில் பூஞ்சை வாடை. ஏத்தும்போது நிமிர்த்தியே கட்டணும். படுக்கப் போட்டா கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள்ள போயிரும். மேஜையைக் கழட்டினா போல்ட்டையெல்லாம் ஒரு பையில் போட்டு அதோட காலிலேயே கட்டிருங்க, போல்ட் இல்லாத மேஜை விறகுதான்.

மெத்தை, தலையணையைப் பெரும்பாலும் வாங்க மாட்டாங்க. மூட்டைப்பூச்சி பயம்.

வரிக்கு: நன்கொடைக்கான வரிக்கழிவு பணமாகக் கொடுத்தாத்தான், அதுவும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனா கிடையாது. பொருளுக்கு ரசீது கொடுத்தாலும் வரியில் காட்ட முடியாது.

திருநகர்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. மெத்தையை ரெண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காய வச்சுக் கொடுத்தா?

இழைப்புளி:
மதுரை வெயில்னாலும் மேல்பக்கம்தான் சுடும். பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துக்கும். உள்பஞ்சு வரைக்கும் 50 டிகிரி தாண்டி நிக்கணும், மெத்தை தடிமனுக்கு அது நடக்காது. இலவம்பஞ்சைத் தூக்கிப் போட மனசு வராது, அதனால மெத்தை தைக்கிறவங்ககிட்ட கொடுத்து உறையைப் பிரிச்சு, பஞ்சை அடிச்சுக் காய வச்சு, புது உறையில் திணிச்சு நீங்களே வச்சுக்கோங்க. கடையில் எடுக்கிற கட்டிலுக்கும் இதே கவனம்தான்: சட்டம் சேருற மூலையில், போல்ட் ஓட்டையில் டார்ச் அடிங்க, மிளகு நசுக்கின மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தா வேண்டாம்.

வைகைத்தென்கரை:
இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை சாமான் கொடுக்க நம்ம ஊர்ல நிறைய பேர் தயங்குவாங்க, ஆடியில் வீடு மாத்த மாட்டாங்க. அதனால ஆவணி, தை மாசத்தில் திங்கள் காலையில் போய்ப் பாருங்க, ஞாயிறு வந்து இறங்கினது அப்படியே இருக்கும்.