நாலு நாள் பெர்மாகல்ச்சர் பயிற்சி: போனால் பிரயோசனமா?

பொகவந்தலாவைப் பிள்ளை:
தோட்டத்தில் புது வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் கிடைத்தது. வீடு போக மிச்சமெல்லாம் சரிவு. போஞ்சியும் கோவாவும் போடுகிறோம். ஆனால் மே மழை பிடித்தால் மேல்மண் முழுக்கக் கெசல்கமு ஓயா ஆற்றுக்குத்தான். பண்டாரவளைப் பக்கம் பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையை ஒட்டி நிலத்தைத் திட்டமிட்டுப் பயிர் செய்யும் முறை, நாலு நாள் பயிற்சி நடக்கிறதாம். அம்மாவையும் கூட்டிப் போனால் அவருக்கு நாலு நாள் பேர், அதாவது தோட்டத்து நாள் சம்பளம், போகும். யாராவது போயிருக்கிறீர்களா?

மஸ்கெலியா அக்கா:
நான் போனேன் தங்கச்சி. முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. 1970களில் ஆஸ்திரேலியாவில் மொலிசனும் ஹோம்கிரனும் இந்த முறையைத் தொடங்கிய கதை, பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். எனக்குத் தூக்கம். இரண்டாம் நாள்தான் விழித்தேன். மூன்று கம்பை ஆங்கில ஏ (A) எழுத்து மாதிரி கட்டி, உச்சியில் கயிறு, நுனியில் கல். குறுக்குக் கம்பில் கயிறு படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கயிறு நின்றால் கால் இரண்டும் ஒரே மட்டம். செலவே இல்லை! சரிவின் குறுக்கே அப்படி மட்டம் பார்த்துக் குறித்த கோட்டில் குவாத்தமாலாப் புல் நட்டேன், தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கிய மலையில் போடுவார்களே, அதேதான். மண் நின்றது.

ஆனால் அங்கே காட்டிய தண்ணீர் தேக்கும் பள்ளத்தை நம் சரிவில் வெட்டிவிடாதே. நான் வெட்டினேன். ஜூனில் ஊறிக் கரை பெயர்ந்து, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் போய் விழுந்தது. இன்னும் அந்த வீட்டுக்காரி முகம் கொடுப்பதில்லை.

சான்றிதழுக்காகப் போகாதே. அதற்கு 72 மணி நேரம் படிக்க வேண்டும்.

பழைய கணக்கப்பிள்ளை:
தேயிலை மலைக் கானுக்கு, அதுதான் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு, லேசாக வாட்டம் (சாய்வு) இருக்கும், கவனித்தீர்களா? உள்ளே இடைவெளி விட்டுக் குழி, தடுப்பு. மண் குழியில் தங்கும், தண்ணீர் தடுப்பைத் தாண்டி வழியும். இதைக் காசு கட்டிப் படிக்கிற காலம் வந்துவிட்டது, சரி.

பொகவந்தலாவைப் பிள்ளை:
ஐயா, அந்த வாட்டத்தை ஏ சட்டத்தில் பார்க்கலாமா?

பழைய கணக்கப்பிள்ளை:
பார்க்கலாம் பிள்ளை. கால்களுக்கு இடையே 6 அடி என்றால், நடுக்குறி போட்ட பிறகு ஒரு காலை அரை அங்குலம் வெட்டிக் குட்டையாக்கு. குட்டைக் கால் எப்போதும் மேட்டுப் பக்கம். சட்டத்தைத் திருப்பாதே, தூக்கித் தூக்கி வை. தண்ணீர் போய் விழும் இடத்தையும் முதலிலேயே பார்த்துக்கொள், அடுத்த வீட்டுக் கோழிக்கூடாக இருக்கக் கூடாது. மார்ச்சுக்குள் வெட்டி முடி.